கஞ்சியில் நடந்த மிருகம்

ஊருக்கெல்லாம் கூறைப்புடவை நெய்த எங்கள் வீட்டில், அறுபதுகளின் கடைசியில்தான் அக்காவின் கல்யாணப் புடவைக்கென்று ஒரு பாவு, தறியில் ஏற்றவேண்டிய நீள இழைகள், தயாரானது. அரக்குப் பட்டு. விடியும்போது கஞ்சியில் தோய்த்து, தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, வெயில் ஏறுமுன் தூரிகையால் நீவிவிட வேண்டும். பிந்தினால் இழையோடு இழை ஒட்டிவிடும். அப்புறம் அது புடவையாகாது, கயிறுதான்.

அன்று பாவு தோய்ந்தாகிவிட்டது. பிடிக்க வேண்டிய ஆண்கள் நடுத்தெருவில் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். முந்தின மாலை எதிர்வீட்டு மாமா கவிழ்த்துவிட்ட கஞ்சி, தரையில் வெள்ளைத் தோலாகக் காய்ந்திருந்தது. அதன்மேல் ஏதோ நடந்துபோயிருந்தது.

"நரிபா," என்றார் மாமா. "ஓரிக்கை ஆத்தாண்டேர்ந்து வந்திருக்குது."

விரல் வைத்து அளந்தேன். மூன்று விரல் அகலம். எனக்கு நரி போதவில்லை. அந்த வயதில் என் பாலாறு முழுக்க வேங்கைகள்; மணலில் புரண்டு, நிலாவை நக்கி, ஒன்றுகூட ஊருக்குள் வராத வேங்கைகள்.

மாமா காபி குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தார். உள்ளங்கை அகலம்!

"இன்னாபா இது? பெரிசா இன்னொண்ணு வந்துட்டுப் போயிருக்குது!"

"நாங்க சுத்திக் குந்திக்கினு இருக்கோமே மாமா?" என்றேன்.

"அதான்பா பயமா இருக்குது."

எங்கள் தெருவுக்குத் தெரிந்த காட்டு மிருகங்கள் கோயில் தூணிலும் புடவைக் கரையிலும் இருப்பவை மட்டுமே. ஆகவே கடைசி வீட்டு அண்ணன் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "யாளி. மண்டபத்துத் தூணுல இதே காலுதான். நகத்தைப் பாரு."

"யாளிக்குத் தும்பிக்கை உண்டே. தரையில இழுத்த தடம் எங்க?" என்றார் மாமா.

"தூக்கிப் புடிச்சிக்கினு நடந்திருக்கும்."

எல்லாரும் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டிய நேரத்தில், முழங்கை வரை கஞ்சியோடு அக்கா வந்தாள்.

"வெயிலு கூரைக்கு வந்துட்டுது. உள்ள என் புடவை ஒட்டப் பாக்குது. நீங்க யாளிக்கு நகம் வெட்டிக்கினு இருக்கீங்களா?"

குனிந்து பார்த்தாள். தடத்தின் விளிம்பு நகர்ந்துகொண்டிருந்தது. எறும்புகள். ஒவ்வொன்றும் கஞ்சியில் ஒரு துணுக்கைக் கடித்துத் தூக்கிக்கொண்டு போனது.

"இதுங்க தின்னத் தின்னத் தடம் பெரிசாவுது. மத்தியானம் வரைக்கும் குந்துங்க, யானையே வந்துடும். எழுந்திருங்கப்பா!"

எழுந்தார்கள். பாவு தெருவில் நீண்டது, விடியலில் பாதியை வெட்டி எடுத்துக் கட்டியதுபோல. மாமா ஒரு முனை, அண்ணன் மறுமுனை, நடுவில் நாங்கள். அக்கா தூரிகையோடு நீவத் தொடங்கினாள்.

அப்போதுதான் மாமா வீட்டு விறகுக் குவியலிலிருந்து அது வெளியே வந்தது. ஒரு கீரிப்பிள்ளை, பாதமெல்லாம் காய்ந்த கஞ்சியோடு. பாவின் நிழலுக்குள் புகுந்து, சொட்டும் கஞ்சியை நக்கிக்கொண்டு, சாவகாசமாக நடந்தது. கையை விட்டால் இழை சிக்கும். ஓடவும் முடியாது.

"யாரும் விடாதீங்க!" அக்கா கத்தினாள். "விட்டவங்களுக்குக் கல்யாணத்துல இலை கிடையாது!"

"மா... என் கட்டைவெரலை மோந்து பாக்குதுமா," என்றார் மாமா, உதடு அசையாமல்.

"பாக்கட்டும் மாமா. இழுத்துப் புடிங்க."

இழுத்தார். பயத்தில் எல்லாரும் இழுத்தோம். எங்கள் தெருவில் அவ்வளவு விறைப்பாக ஒரு பாவு நின்றதே இல்லை. அக்கா சிரித்துக்கொண்டே கடைசி வரை நீவிவிட்டாள். ஓர் இழைகூட ஒட்டவில்லை.