மூங்கில் வரிசைக்குக் கீழே இருந்த நிலம்

அந்த வருஷம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்த வாரத்திலேயே எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. திருவனந்தபுரத்தில் பழவங்காடிக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் குடத்தின் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டி வடிகட்டினோம். துணியில் சேறு அப்பிக்கொண்டது. ஆளாளுக்கு ஒருவர்மேல் சந்தேகம். தண்ணீர் இலாகாக்காரர்கள் வடிகட்டாமலே திறந்துவிடுகிறார்கள் என்றார்கள் எதிர்வீட்டில். கரமனை ஆற்றின் மேல்பக்கம் மலையில் வந்து குடியேறியிருக்கும் தெற்கத்தி ஆட்கள் வேண்டுமென்றே மண்ணைக் கொத்தி ஆற்றில் தள்ளுகிறார்கள் என்றார்கள் பக்கத்து வீட்டில். நான் பக்கத்து வீட்டுக் கட்சி.

அப்போது நான் கோட்டைக்கு அருகே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்துவந்தேன். என் கணவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்குப்பிள்ளை. நாங்கள் இருவருமே நாஞ்சில் நாட்டுக்காரர்கள். ஒருநாள் தண்ணீர் இலாகா இஞ்சினீயர் ஒருவர் தலைமை ஆசிரியையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். மலையாளி, தமிழும் கொஞ்சம் வரும்.

"டீச்சர் ஒரு சகாயம் செய்யணும். மேலே உள்ள ஆளுக எங்களெ விசுவசிக்கில்லா. எங்க ஜீப்பு சத்தம் கேட்டாலே வீட்டைப் பூட்டிட்டுப் போயிடுது. டீச்சர் தெக்கத்தி ஆளாச்சே, அவங்க பேச்சு பேசுமே."

அவர் விளக்கினார். அரிசிப் பஞ்சத்தில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, பயிரிடச் சொல்லி மலைச்சரிவைச் சர்க்காரே குத்தகைக்குக் கொடுத்தது. விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஏழைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்து காட்டை வெட்டிப் பயிரிட்டன. மரச்சீனியைப் பிடுங்கும்போது மண் இளகுகிறது. அடுத்த மழையில் அவ்வளவும் ஆற்றுக்கு வருகிறது. ஓடையோரத்தில் கொஞ்ச நிலத்தை அவர்கள் பயிரிடாமல் விட்டு, அங்கே மூங்கிலும் வெட்டிவேரும் நட்டால் பாதி மண் நின்றுவிடும். கன்றுகளை இலாகா கொடுக்கும். கோட்டை ஜனங்கள் நடுவதற்கு ஆள் கொடுக்கவேண்டும். மூன்று தரப்பையும் ஓரிடத்தில் உட்காரவைக்க ஒருவர் வேண்டும்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"இஞ்சினீயருக்கு ஆபீசுல ஆளா இல்ல? ஒன்னய எதுக்காக்கும் தேடி வாறான்? நாளைக்கு அந்த ஆளுவள வெரட்டி விடுவானுவ. அப்ப ஒன் பேருதான் கெடும், பாத்துக்கோ."

"நம்ம குழாயில வாற தண்ணிக்குத்தானே போறேன்."

"தண்ணி மட்டுமா இருக்கும்? எனக்கு நம்பிக்கை இல்ல."

எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் போனேன். கிழக்கேகோட்டையிலிருந்து நெடுமங்காட்டு பஸ், பிறகு நடை. குடியிருப்புக்குள் நுழைந்ததும் ஒரு வீட்டில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அடுத்தடுத்த வீடுகளிலும் கேட்டது. முற்றத்தில் மரச்சீனிக் கம்பு நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. நடுவயது, புருஷன் இறந்தபிறகு கொழுந்தனோடு சேர்ந்து விவசாயம் பார்க்கிறவள் என்று பின்னால் தெரிந்தது. அந்த ஆட்கள் அவள் சொல்லைக் கேட்பார்கள் என்பதும் தெரிந்தது.

"ஆராக்கும்? வில்லேஜாப்பீசா?"

"பள்ளிக்கூடத்து டீச்சர். ஊர் நாகர்கோவில் பக்கம்."

"மழையில்லாத நாளுல கொடை என்னத்துக்கு? ஒண்ணு விரிச்சுக் காட்டுங்க."

குடைக்குள் அளவு நாடா ஒளித்துவைத்திருக்கிறேனா என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. விரித்துக் காட்டினேன். பிறகு பையையும் காட்டச் சொன்னாள். அதில் இருந்த புளிச்சோற்றுப் பொதியைப் பார்த்த பிறகுதான் உட்காரச் சொன்னாள்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்தது. "காட்ட வெட்டி மரச்சீனி நடுங்கன்னு சொன்னது ஆரு? நீங்கதானே? இப்ப உங்க குழாயில சேறு வந்தா நாங்க கள்ளமாரா?"

"உங்க நிலத்து மண்ணுதான் போகுது. உங்களுக்கும் நஷ்டம்தானே?"

"அது எங்களுக்குத் தெரியும். ஓடை ஓரத்த விட்டுத்தந்தா மேல உள்ளதயும் பிடுங்கமாட்டாவன்னு ஆரு சொல்லுவா?"

அந்தக் கேள்வியை இஞ்சினீயரிடம் கொண்டுபோனேன். அவர் நல்ல மனிதர். தானே வந்து வாக்குக் கொடுப்பதாகச் சொன்னார். கோட்டைத் தரப்புக்கு ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்தில் ஒரு ரிட்டயர்டு வக்கீலைப் பிடித்தோம். அவருக்குச் சாட்சி, நீதிபதி, கட்சிக்காரர் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. "நான் வரேன். ஆனா அவா சொல்றதை நம்பிண்டு வரலை. நேர்ல பார்க்க வரேன்" என்று சொல்லித்தான் ஜீப்பில் ஏறினார்.

முதல் கூட்டம் அவர்களுடைய ஓலை வேய்ந்த கிறிஸ்தவக் கோயிலுக்கு முன்னால் நடந்தது. ஏறக்குறைய எல்லாம் பேசி முடித்தாயிற்று. அந்தப் பெண் எல்லோருக்கும் பாலில்லாத கட்டன்காப்பி கொண்டுவந்தாள். வக்கீல் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். உடம்புக்கு ஆகாது என்று ஏதோ சொன்னார். அவள் டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள்.

"நாங்க குளிக்கிற வெள்ளந்தான் ஐயாவுக்க வீட்டுக் குழாயில வருது. அது ஆகும். இது ஆகாதோ?"

குடியிருப்பு ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். திரும்பும்போது ஜீப்பில் வக்கீல் வழிநெடுக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இந்த வேலை இத்தோடு சரி என்று நினைத்தேன்.

ஆனால் சில வாரங்கள் கழித்து அவரே என்னைத் தேடி வந்தார். "இன்னொரு தரம் போலாம். அந்தப் பொண்ணு கேட்டது சரிதான். ஆனா எனக்கும் ஆத்துல ஆசாரம் பார்க்கறவ ஒருத்தி இருக்கா, அவளுக்கு நான் பதில் சொல்லணுமே." மலைக்குப் போனதும் நேராக அவள் வீட்டு முற்றத்தில் நின்று, "இளநீர் இருக்குமோ?" என்று கேட்டார். அவள் போய் வெட்டிக்கொண்டு வந்தாள். கொடுக்கும்போது, "வெட்டினது எனக்க கையாக்கும்" என்றாள். "தெரியறது" என்று சொல்லி வாங்கிக் குடித்தார். அன்றைக்கு ஒப்பந்தம் முடிந்தது. கடுதாசில் கையெழுத்துப் போடமாட்டோம் என்று அவர்கள் உறுதியாகச் சொல்லிவிட்டதால் எல்லாம் வாய்ப்பேச்சுதான். "உங்களை யாரும் இங்கெருந்து இறக்கிவிடாது. அது எண்டெ வாக்கு" என்றார் இஞ்சினீயர்.

"சார் வாக்கு தருது. சாரை மாத்திப் போட்டா வாக்கையும் கூட மாத்திப் போடுவாவளோ?" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கோட்டையிலிருந்து கல்லூரிப் பையன்களும் சில கடைக்காரர்களும் வந்தார்கள். குடியிருப்புக்காரர்களோடு சேர்ந்து ஓடையின் இருபுறமும் சரிவில் ஒரே வரிசையாக மூங்கில் நட்டு, அதற்குக் கீழே வெட்டிவேர் வைத்தோம். அதற்கும் கீழே சரிவில் இருந்த வீடுகளும் பயிரும் இருந்தபடியே இருக்கும் என்பதுதான் பேச்சு. அந்தப் பெண் எங்கள் ஆட்கள் நட்ட கன்றுகளையெல்லாம் அசைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் ஆட்களும் அவளுடைய ஆட்கள் நட்டதை அதேபோல அசைத்துப் பார்த்தார்கள்.

அதன்பிறகுதான் நாஞ்சில் நாடு, விளவங்கோடு முதலான தெற்குத் தாலூக்காக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்ற கிளர்ச்சி சூடுபிடித்தது. கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உரக்கத் தமிழ் பேசினால் திரும்பிப் பார்த்தார்கள். ஒருநாள் சாதாரண உடையில் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து தலைமை ஆசிரியையிடம் என்னைப்பற்றி விசாரித்துவிட்டுப் போனார். தமிழ் டீச்சர் அடிக்கடி மலைக்குப் போய்த் தெற்கத்தி ஆட்களைக் கூட்டம் கூட்டுவது எதற்கு என்று கேட்டாராம்.

"மூங்கில் நடத்தான் போனதுன்னு சொன்னா ஆரு நம்பும்? கொஞ்ச காலத்தைக்கு டீச்சர் போகண்டா" என்றார் தலைமை ஆசிரியை. என் கணவர், "நான் அப்பமே சொன்னேன்லா" என்றார். நான் போவதை நிறுத்தினேன். அந்த இடைவெளியில் இஞ்சினீயருக்கு வடக்கே மாற்றலாயிற்று. எனக்கே அது தாமதமாகத்தான் தெரிந்தது.

மறுபடி நான் மலை ஏறியது வக்கீல் ஆளனுப்பிக் கூப்பிட்டபோதுதான். மூங்கில் வரிசை முழுவதும் வெட்டப்பட்டிருந்தது. பன்றியோ மாடோ செய்த வேலை இல்லை. ஒவ்வொரு கன்றும் அடியோடு சாய்வாக அரிவாளால் சீவப்பட்டிருந்தது.

"பார்த்தேளா? நான் ஆரம்பத்துலேயே சொன்னேன், இவாளை நம்பப்படாதுன்னு" என்றார் வக்கீல். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. நான் தனியாக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். இந்தமுறை அவளும் கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்தபடியே பேசினாள்.

"இத்தன மாசம் எங்க போனிய? ஒங்களுக்கு முன்னமே தெரியும். அதுதான் வரல்ல."

"எனக்கு என்ன தெரியும்? போலீஸ் விசாரிச்சாங்க. அதனால வரல்ல."

கதவு திறந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். என்ன தெரிந்ததோ, உள்ளே வரச்சொன்னாள்.

"வெட்டினது எனக்க கொழுந்தன். நான் தடுக்கல்ல" என்றாள். "புது ஆப்பீசரு சர்வேக்காரனக் கூட்டிட்டு வந்தாரு. மூங்கில் வரிசை மேல சங்கிலியப் பிடிச்சு அளந்தாவ. வரிசைக்குக் கீழ உள்ளது எல்லாம் சர்க்காருக்காம். இங்க இருக்கப்பட்ட வீடுவளையும் பிரிக்கணுமாம். நாங்க நட்ட மூங்கில வச்சே எங்களுக்கு எல்லை போட்டாச்சு. பின்ன அது எதுக்கு நிக்கணும்?"

அவள் பயந்ததெல்லாம் அப்படியே நடந்திருந்தது. அவளை நடச் சொன்னவள் நான்.

வெளியே வந்து வக்கீலிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. சர்வேக்காரர்கள் அடித்த முளைகளைக் காட்டினேன். குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "அந்த மனுஷன் வாக்குக் குடுக்கறச்சே நானும் பக்கத்துல நின்னேன். என்னையும் சேர்த்துன்னா பொய்யனாக்கிட்டா!"

மறுவாரம் அவரும் நானும் கோட்டையிலிருந்து சிலரும் புது அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். அவர் மரியாதையாகவே பேசினார். அப்படி ஒரு வாக்குக் கொடுத்ததற்கு ஆபீசில் ஆதாரம் ஒன்றும் இல்லை என்றார்.

"ஆதாரம் நான்தான்" என்றார் வக்கீல். "கோர்ட்டுன்னு வந்தா கூண்டுல ஏறிச் சொல்லுவேன்."

"அந்த ஆட்களை உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையோ?"

"துளிக்கூட இல்லை. உங்க மேலயும் இல்லை. ஆனா குழாயில தண்ணி எனக்குத் தெளிவா வரணும். அவாளை விரட்டிட்டா அந்தச் சரிவை யார் காவல் காப்பா? உங்க பியூனா?"

அதிகாரி உடனே இறங்கி வரவில்லை. பல தடவை அலைந்தோம். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. வீடுகள் இருக்கலாம், பழைய மூங்கில் வரிசைக்குக் கீழே பயிர் கூடாது. அந்தப் பெண்ணின் நிலத்தில் பாதி போயிற்று. ஓடையை ஒட்டியே வயல் வைத்திருந்த ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு மலபாருக்குப் போய்விட்டது. மற்றவர்கள் மறுபடி நட்டார்கள். இந்தத் தடவை வரிசையை எங்கே வைப்பது என்று அவர்களே முடிவுசெய்தார்கள். அவள் ஒரு நிபந்தனையும் போட்டாள்: மாதந்தோறும் இலாகா ஆள் ஒருவர், கோட்டை ஆள் ஒருவர், குடியிருப்பு ஆள் ஒருவர், மூவரும் சேர்ந்துதான் கரையை நடந்து பார்க்கவேண்டும், தனியாக யாரும் இறங்கக்கூடாது. யாருக்கும் யாரையும் நம்பமுடியாததால் எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. மழையோ வெயிலோ, ஒரு மாதம்கூட யாரும் வராமல் இருக்கவில்லை. வராவிட்டால் மற்ற இருவரும் என்ன செய்துவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

அடுத்த இடவப்பாதியில் தண்ணீர் கலங்கித்தான் வந்தது. அதற்கடுத்த வருஷம் வடிகட்டின துணியில் கறை குறைந்திருந்தது. மழை குறைவு, அதனால்தான் என்றார் என் கணவர்.

மாநிலங்களைப் பிரித்தபோது நாஞ்சில் நாடும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நான் திருவனந்தபுரத்திலேயே இருந்தேன். அவளும் மலையைவிட்டுப் போகவில்லை. அந்த மாதம் கோட்டைத் தரப்பில் நடக்கவேண்டிய முறை என்னுடையது. மூங்கில் தலைக்குமேல் வளர்ந்திருந்தது. இலாகா ஆள் முன்னால் போனார். அவளும் நானும் பின்னால்.

"இனி நமக்கு ரண்டு பேருக்கும் ஊரு வேற நாட்டுல ஆக்கும், இல்லியா டீச்சரே?" என்றாள்.

"ஆமா."

அவள் சட்டென்று நின்று மேலே பார்த்தாள். "அந்த மேட்டுல எவனோ புதுசா மண்ணக் கொத்தின மாதிரி இருக்கு. நம்ம ஆளு இல்ல. வாருங்க, பாப்போம்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஏற, நானும் இலாகாக்காரரும் பின்னால் ஏறினோம்.