பறிக்கும் நாளும் அறுக்கும் நாளும்

என் தொழிலை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். சொல்லி முடித்தால் கேட்டவருக்குச் சிரிப்பு வரும். நான் புவியியல் படித்தவன். ஒயின் செய்கிற திராட்சைக்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள உறவை ஆராய்வது என் வேலை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கடல் கடந்த ஊர்களின் மலைச்சரிவில் நேற்று எவ்வளவு வெயில் அடித்தது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாணப் பந்தியில் இது வெளியே வந்துவிட்டால் தீர்ந்தது, பாயசம் வரும்வரை கிண்டல்தான். "ஒரு பாட்டில் கொண்டாரக் கூடாதா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. வாசனை பார்க்கத் தெரியும், வாயில் வைத்துத் துப்பத் தெரியும், மற்றபடி எனக்கு மோர்தான் பிடிக்கும் என்றால் யார் நம்புகிறார்கள்?

கிண்டலில் முதல் ஆள் என் மாமா, அக்காவின் கணவர். சிதம்பரத்தைத் தாண்டி, குமராட்சிப் பக்கம் நெல் சாகுபடி செய்கிறவர். "எங்க மச்சான் வெள்ளக்காரன் குடிக்கிறதுக்கு இங்கேருந்து வெயில் பாக்குறாரு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் நான் மேல்படிப்புக்கு வெளிநாடு போக வேண்டும் என்றபோது, சாராயத்தைப் படிக்கவா போகிறான் என்று வீடே முகம் சுளிக்க, "போய்ட்டு வரட்டும், என்னா இப்போ?" என்று வாயை அடைத்தவரும் அவர்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் கிண்டல் எதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

நான் ஆராய்ந்தது உண்மையில் ஒரு தேதியை. திராட்சை பறித்த தேதி. வெயில் கூடினால் பழம் சீக்கிரம் முற்றும், பறிக்கும் நாள் முன்னால் நகரும். ஒரு தோட்டத்தில் வருஷா வருஷம் என்றைக்குப் பறித்தார்கள் என்று தெரிந்தால், அந்த ஊர் வெயில் எப்படி மாறி வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் சில வருஷங்கள் மட்டும் எந்தக் கணக்குக்கும் அடங்காது. பழம் முற்றும் தறுவாயில் இருந்திருக்கும், மழை வரலாம் என்ற பேச்சும் இருந்திருக்கும். அப்படியும் பறிக்காமல் விட்டு, நனைந்து, வெடித்து, அழுகிப் போயிருக்கும். அந்த வருஷங்களுக்காகத்தான் நான் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினேன். ஏன் அன்றைக்குப் பறிக்கவில்லை? இதுதான் என் கேள்வி.

எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "அப்படித் தோன்றியது."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரான்சின் தெற்கே ஒரு தோட்டக்காரப் பெண்மணி. ஒரு வருஷத்து விளைச்சல் முழுவதையும் மழைக்குக் கொடுத்தவர். அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விடாப்பிடியாகக் கேட்டேன். அடுக்களையில் அவருடைய தம்பி கண்ணாடிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தத் தம்பி வேளாண்மை படித்தவர் என்று நான் போனவுடனே பெண்மணி பெருமையாகச் சொல்லியிருந்தார். நான் கேட்டதும் உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. பெண்மணி அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்குத் தோன்றியது, விட்டுவிட்டேன்" என்றார். இவ்வளவு தூரம் வந்து இதைக் கேட்கவா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே காரணம் எதுவுமில்லை என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன தை மாதம் ஒரு காலையில் மாமா கூப்பிட்டார். குரலில் கிண்டல் இல்லை.

"மச்சான், அறுவடை மெஷின் வந்து நிக்குது. இன்னைக்கு உட்டா காட்டுமன்னார்கோயில் பக்கம் போய்டும், திரும்பி எப்ப வருமோ தெரியாது. டிவில காத்தழுத்தம்ங்கிறான். அறுக்கலாமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு."

முந்தின வருஷம் அவர் பயிர் கொள்ளிடத்து வெள்ளத்தோடு போயிருந்தது. இந்த சம்பாவும் போனால் குத்தகை நிலத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று அக்கா பொங்கலன்றே சொல்லியிருந்தாள். அவள் அதைச் சொல்லும்போது மாமா தலையைத் தூக்கவே இல்லை.

நான் கணினியைத் திறந்தேன். இலங்கைக்குக் கிழக்கே ஒரு தாழ்வுநிலை. ஒரு கணிப்பு அதைத் தெற்கே தள்ளிக்கொண்டு போய்க் குமரிக்கடலில் கரைத்தது. இன்னொன்று டெல்டா மேல் ஏற்றியது. "ரெண்டுக்கும் வாய்ப்பு இருக்கு மாமா. தெற்கே போகத்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

"கொஞ்சம் ஜாஸ்தின்னா? பாதிக்கும் கொஞ்சம் ஜாஸ்தியா வயலை அறுக்கட்டுமா?"

வரேன் என்று சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் பிடித்தேன். வழி நெடுக செல்போனைத்தான் பார்த்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது ஒரு புதிய கணிப்பு வந்தது. அதிலும் தாழ்வுநிலை தெற்கே. புதுச்சத்திரத்தில் இன்னொன்று; கொஞ்சம் வடக்கே. இதே படங்களை வைத்துக்கொண்டு எத்தனையோ தோட்டக்காரர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். அங்கே ஒருமுறைகூடத் தயங்கியதில்லை. சிதம்பரத்தில் மினிபஸ் மாறும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வயலில் மெஷின் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் வண்டியை அணைக்கக்கூட இல்லை. மாமாவும் அக்காவும் வரப்பில். அவர்களோடு பக்கத்து வயல்காரர், மாமாவை அண்ணே என்று கூப்பிடுகிறவர். "அண்ணன் என்ன பண்றாரோ அதான் நானும். அவுங்க மச்சான் இதுல பெரிய ஆளாமே" என்று சிரித்துவிட்டுத் தன் மாட்டைப் பார்க்கப் போனார்.

மாமா ஒரு கதிரை உருவி என் கையில் கொடுத்தார். மேலே பழுத்திருந்தது, அடிமணி இன்னும் பச்சை. கடித்துப் பார்த்தேன். நறுக்கென்று உடையாமல் நசுங்கியது. திராட்சைத் தோட்டத்திலும் விதையை இப்படித்தான் கடித்துப் பார்ப்பார்கள்.

"இப்ப அறுத்தா ஈரம் ஜாஸ்தின்னு கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டான்" என்றார் மாமா. "ஏற்கெனவே அங்க அவனவன் நெல்லக் கொட்டிட்டு தார்ப்பாயப் போட்டு ஒக்காந்திருக்கான். மழை வந்தா அதுவும் மொளைக்கும். நிக்கிற பயிருன்னா மழையே வராட்டி நல்லா காஞ்சிடும். ஆனா வந்துச்சுன்னா..."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சொல்லுடா. நீ சொன்னா அவரு கேப்பாரு."

எனக்குக் கோபம் வந்தது. என்னை ஏன் கேட்கிறீர்கள், நான் என்ன வானத்தில் குடியிருக்கிறேனா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. எந்தப் பக்கம் சொன்னாலும் அது எனக்குத் தெரிந்தது ஆகாது, எனக்குத் தோன்றியதுதான் ஆகும் என்பது அந்த வரப்பில் நின்றபோதுதான் உறைத்தது. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

"அறுக்க வேணாம் மாமா" என்றேன். "பொறுத்துக்கலாம்."

மாமா ஏன் என்று கேட்கவில்லை. டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். மெஷின் திரும்பிச் சாலையேறிப் போனது. அது போவதைப் பார்த்துப் பக்கத்து வயல்காரரும் தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் கடலூருக்குத் திரும்பவில்லை. அக்கா வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. மாமா காலையிலும் சாயங்காலமும் ஒரு கதிரைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். பச்சை குறைந்துகொண்டே வந்தது. அக்கா மீன் குழம்பு வைத்தாள், நான் இரண்டாம் தடவை சோறு வாங்கினேன். பிழைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலைக் கணிப்பைப் பார்த்தேன். தாழ்வுநிலை நின்ற இடத்திலேயே நின்று வலுத்திருந்தது. தெற்கே போகாமல் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. மாமாவிடம் சொன்னேன். அவர் மெஷின்காரருக்கு மேல் மெஷின்காரராகப் போன் போட்டார். ஒருவர் எடுக்கவில்லை, ஒருவர் மன்னார்குடியில் இருந்தார், ஒருவர் சிரித்தார். மதியம் கிழக்கே கறுத்தது. முதல் தூறல் தகரத்தில் விழுந்தபோது அக்கா தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்தவில்லை.

மழை விட்டு விட்டுப் பெய்யவில்லை, இரண்டு நாள் ஒரே மூச்சாகப் பெய்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சாப்பிட்டேனா என்று மட்டும் அக்கா கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மழை நின்றதும் வயலுக்குப் போனோம். பயிர் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. கதிரைத் தூக்கிப் பார்த்தால் ஊறி உப்பியிருந்தது, சில மணிகளில் முளை எட்டிப் பார்த்தது. மாமா முழங்கால் தண்ணீரில் இறங்கி, சாய்ந்ததைக் கொத்துக் கொத்தாக நிமிர்த்திக் கட்டத் தொடங்கினார். எவ்வளவு கட்டி எதைக் காப்பாற்ற முடியும்? நான் வரப்பிலேயே நின்றேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

பக்கத்து வயல்காரர் வந்தார். அவர் வயலும் அதே கோலம்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஏண்ணே, அன்னைக்கு ஏன் மெஷின திருப்பி அனுப்புன? உன் மச்சான் சொல்லித்தான?"

என் கேள்வி அது. தோட்டம் தோட்டமாக நான் கேட்டுத் திரிந்த கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அவன் அறுக்கத்தான்டா சொன்னான்" என்றார் மாமா, கட்டுவதை நிறுத்தாமல். "அடிமணி பச்சையா இருந்துச்சு. எனக்குத் தோணுச்சு, உட்டுட்டேன்."

"இல்லங்க, நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"மச்சான்!" மாமா குரல் அதட்டலாக வந்தது. "என்னா வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிற? மம்பட்டிய எடு. அந்த மடைய வெட்டி உடு, தண்ணி வடியட்டும்."

பக்கத்து வயல்காரர் மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் தன் வயலுக்குள் இறங்கினார். நான் மம்பட்டியை எடுத்தேன். ஒரு வெட்டுக்கு மேல் முடியவில்லை. அந்த அடுக்களைக் குழாய் நின்ற சத்தமும், பெண்மணி அந்தப் பக்கம் பார்த்த பார்வையும் அப்போதுதான் எனக்குக் கேட்டது, தெரிந்தது. எத்தனை வீட்டில் இப்படி உட்கார்ந்து, அன்றைக்குப் பொறுக்கச் சொன்ன ஒருவன் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, காரணத்தைச் சொல் சொல் என்று குடைந்திருக்கிறேன்!

கடலூர் திரும்பியதும் அந்தப் பெண்மணிக்கு எழுதினேன். ஆராய்ச்சியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. உங்கள் தம்பி எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டேன்.

சிதறியது போக மிஞ்சியதைச் சேற்றிலும் இறங்கும் பெல்ட் வண்டி வைத்து அறுத்தார்கள். மாமா அந்தக் கோடையைத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தள்ளிவிட்டு, ஆடி முடிந்து திரும்பி வந்து, சம்பாதித்ததில் குத்தகைப் பாக்கியைக் கட்டி, மறுபடி நாற்று விட்டார். இடையில் எங்கள் பேச்சில் வானிலை வரவே இல்லை. வராமல் பார்த்துக்கொண்டது நான்தான். பந்தியில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் எழுந்து கை கழுவப் போய்விடுவேன்.

இந்தத் தை மாதம், ஒரு காலையில், போன் அடித்தது. பின்னால் மெஷின் உறுமுகிற சத்தம்.

"மச்சான், வண்டி நிக்குது" என்றார் மாமா. "அறுக்கலாமா, வேணாமா?"