வாளிக்குள் கிடந்த கத்திகள்

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதத்து முற்பகல் ஒன்றில் அது நடந்தது. யாழ்ப்பாணத்தில் கடல்நீரேரிக் கரையோரமாகப் போகும் வீதியில் நான் வந்த பஸ் திடீரென்று நின்றுவிட்டது. முன்னால், நண்டு பதப்படுத்தும் தொழிற்சாலை ஒன்றின் வாசலில், பெண்கள் வீதியை மறித்து உட்கார்ந்திருப்பதாகக் கொண்டக்டர் சொன்னார். வழக்கு இன்னும் முடியவில்லை என்பதால் இடத்தின் பெயரை எழுதவில்லை.

நான் பல காலம் பத்திரிகையில் வேலை செய்துவிட்டு விலகியவள். வேலையை விட்டாலும் பழக்கம் விடவில்லை. இறங்கி நடந்தேன்.

அறுபது பேர் வரை இருந்திருப்பார்கள். வேலையைப் பாதியில் விட்டு எழுந்து வந்தவர்கள் என்பது பார்த்ததும் தெரிந்தது. தலையில் வலைத் தொப்பி, காலில் ஈரச் சப்பாத்து, கையில் கத்தி. அவித்த நண்டின் ஓட்டைப் பிரித்துச் சதை எடுக்கும் சின்னக் கத்தி அது. ஓடு கிழித்துக் கை புண்ணாகிறது, கையுறை வேண்டும் என்று கேட்ட இரண்டு பேரை நிர்வாகம் முதல் நாள் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தது. அவர்களைத் திரும்ப எடுக்கும்வரை எழும்புவதில்லை என்று இவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, நீல நிற வாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார்.

"கத்தியளைப் போடுங்கோ. கையிலை ஒண்டும் இருக்கக்கூடாது. பிறகு நாளைக்குக் கதை கட்டுவினம்."

எல்லோரும் போட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது. கத்தியைக் கொடுப்பது தொழிற்சாலை. ஆனால் அந்தப் பிளாஸ்ரிக் பிடி நண்டுத் தண்ணீரில் வழுக்கும். அதனால் ஒவ்வொருவரும் தன் கைக்கு ஏற்றபடி பிடியில் எதையாவது சுற்றிவைத்திருந்தார்கள். சேலைக் கரை, றப்பர் வார், வலை நூல் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். காவலாளி வந்து வாளியை உள்ளே எடுத்துக்கொண்டு போகும்போது நான் ஒரு படம் எடுத்தேன். வாளி, காவலாளியின் கை, பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களின் மடியில் வெறுங்கைகள். முகங்கள் விழாதபடி பார்த்துக்கொண்டேன்.

வாளியைக் கொடுத்த பெண் நேராக என்னிடம் வந்தார்.

"அக்கா, நீங்கள் ஆர்?"

"சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறன். பஸ் நிண்டிட்டுது."

"பஸ்ஸிலை வந்த மற்றவை எல்லாம் எங்களைப் பேசிக்கொண்டு நடந்து போகினம். நீங்கள் மட்டும் படம் எடுக்கிறியள். எந்த ஊர்?"

"கொழும்புத்துறை."

"கொழும்புத்துறையிலை ஆற்றை ஆள்?"

அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். யாருடைய ஆள், யார் வீட்டுப் பிள்ளை, எங்கள் ஊர்களில் ஒரு மனிதரை நம்புவதற்கு முன் கேட்கப்படும் கேள்வி அதுதான். அப்பாவின் பெயரைச் சொன்னால் பாதிச் சந்தேகம் தீர்ந்திருக்கும். நானோ பத்திரிகைக்காரியின் வாயோடு, "உங்கடை பேர் என்ன? என்ன வயது? எவ்விடம்?" என்று திருப்பிக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "பேர், வயது, ஊர் கேக்கிறது ரெண்டே இடத்திலைதான் அக்கா. ஒண்டு ஆசுப்பத்திரி. உங்களைப் பாத்தால் நேர்ஸ் மாதிரித் தெரியேல்லை."

பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் சில பேர் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டதையும் கண்டேன்.

நானும் அந்த நேரத்தில் இன்னொருவரைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடையில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரரிடம் அவர் யார் என்று கேட்டேன். "உங்களை ஆர் எண்டு அவர் கேட்டவர். இப்ப நீங்கள் அவரைக் கேக்கிறியள்" என்றார். அவ்வளவுதான்.

பொலிஸ் ட்ரக் வந்தபோது பெண்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். எழும்பச் சொன்னார்கள். எழும்பவில்லை. அடுத்து ஒரு பேச்சும் இல்லை, பொல்லுகள் இறங்கின. ஒரு கல்கூடப் பறக்கவில்லை. உட்கார்ந்திருப்பவரை அடித்தால் அடி தலையிலும் தோளிலும் விழும். தடுக்க உயர்த்திய கைகளில் விழும். ஓடியவர்களுக்கு முதுகில் விழுந்தது. வீதி வெறுமையானதும் தொப்பிகளும் ஒற்றைச் சப்பாத்துகளும் மட்டும் கிடந்தன. அதற்கு முன்பே, அடி விழுந்துகொண்டிருந்தபோது, அதிகாரி ஒருவர் கூட்டத்துக்குள் நேராக நடந்து, வாளி கொடுத்த பெண்ணை இழுத்து ட்ரக்கில் ஏற்றியிருந்தார். யாரோ முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததுபோல இருந்தது. மதிலோரம் ஒதுங்கி நின்ற பெண்கள் என்னைத்தான் பார்த்தார்கள். ஹெல்மெட்காரரைத் தேடினேன். அவர் போயிருந்தார்.

அடுத்த நாள் பத்திரிகையில் அந்தப் பெண்ணின் பெயர், வயது, ஊர் மூன்றும் இருந்தன. என்னிடம் சொல்ல மறுத்த மூன்றும். அவர் பொலிஸ்காரர் ஒருவரைக் கத்தியால் வெட்டினார் என்றும், நிலைமையைக் கட்டுப்படுத்தக் குறைந்தபட்ச பலம் பிரயோகிக்கப்பட்டது என்றும் எழுதியிருந்தது. இந்த இரண்டு செய்தியையும் நான் என் மேசையில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். ஒருநாள் தோட்டத் தொழிலாளரைப் பற்றி வரும், ஒருநாள் துறைமுகத் தொழிலாளரைப் பற்றி வரும், வேறு நாடுகளிலிருந்தும் வரும். அடி வாங்கியவர்களின் கையில் எப்போதும் ஓர் ஆயுதம் இருக்கும். இந்த முறை அந்தக் கையை நான் பார்த்திருந்தேன். அது வெறுங்கை.

அவரைப் பிணை இல்லாமல் விளக்கமறியல் சிறையில் வைத்திருந்தார்கள். பத்திரிகையில் இருந்த ஊரை வைத்து வீட்டைத் தேடிக் குருநகருக்குப் போனேன். கடற்தொழில் செய்யும் கணவர் வாசல் படலையைத் திறக்காமலே பேசினார்.

"அண்டைக்கு நானும் அங்கை நிண்டனான். என்னட்டை ஒரு படம் இருக்கு."

"படம் எல்லாரிட்டையும் இருக்கு. பொலிசிட்டையும் இருக்கு."

"இது அவவுக்கு உதவும்."

"உதவ வாறவை முதல்லை விலாசம் கேப்பினம். நீங்கள் விலாசத்தையும் கொண்டே வந்து நிக்கிறியள். அதை அழிச்சுப்போட்டுப் போங்கோ."

இவர் ஏன் அழிக்கச் சொல்கிறார் என்று எனக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. "ஆரும் வந்து உங்களோடை கதைச்சவையோ?"

"ஆர் வந்தால் உங்களுக்கென்ன?"

இனிப் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. கைத்தொலைபேசியில் படத்தைத் திறந்து, படலை இடைவெளியால் அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டேன். வேண்டுமானால் அவர் அதைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டிருக்கலாம். படம் வேறெங்கும் இல்லை.

அவர் படத்தை விரலால் பெரிதாக்கினார். காவலாளியின் கையைத் தாண்டி வாளிக்குள் போனார். அங்கேயே நின்றார்.

"உந்தப் பச்சை நூல் நான் சுத்தினது" என்றார். "என்ரை வலை நூல். முடிச்சைப் பாருங்கோ, இது வலைக்குப் போடுற முடிச்சு. அவவுக்கு இது போடத் தெரியாது."

பிறகு படலையைத் திறந்தார். "உள்ளை வாங்கோ."

நீதிமன்றத்தில் பொலிஸார் ஒரு கத்தியைச் சான்றாக வைத்தார்கள். அந்தத் தொழிற்சாலையின் கத்திதான், அதே அளவு, அதே அலகு. பிடி மட்டும் எதுவும் சுற்றாமல் மொட்டையாக, புதிதாக மினுங்கியது. அந்தப் பெண்ணுக்காக வந்த சட்டத்தரணி, நான் கண்டதை எழுதி ஒப்பமிட்ட சத்தியக்கடதாசியையும் பெரிதாக்கிய படத்தையும் கொடுத்து, வாளிக்குள் மொட்டைப் பிடி ஒன்றாவது தெரிகிறதா என்று கேட்டார். நூல் கழன்றிருக்கலாம் என்றது மறுபக்கம். நீதவான் கத்தியைக் கையில் பிடித்துப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிணை வழங்கினார். புதுக் கத்தி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

சத்தியக்கடதாசியில் என் பெயர், வயது, ஊர் மூன்றும் இருந்தன. அந்தக் கிழமையே என் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முனையில் ஹெல்மெட் போட்ட ஒருவர் மோட்டார் சைக்கிளில் நிற்கத் தொடங்கினார். அதே ஆளா, வேறு ஆளா தெரியாது. ஹெல்மெட்டுக்குள் எல்லா முகமும் ஒன்றுதான்.

சில நாள் கழித்து அந்தப் பெண் வந்தார். இடக்கையில் மாவுக்கட்டு. நன்றி சொல்லத்தான் வந்தார் என்று நினைத்தேன்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் ஆர் எண்டு கேட்டனான். நீங்கள் இன்னும் சொல்லேல்லை."

அப்பாவின் பெயரைச் சொன்னேன், எந்த ஒழுங்கை என்று சொன்னேன், எந்தப் பத்திரிகையில் இருந்தேன், ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"ஃபோனைத் தாங்கோ."

கொடுத்தேன். வலக்கையால் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். அன்றைய நாளின் படம் அது ஒன்றுதான் என்று தெரிந்த பிறகே தேநீரைக் கையில் எடுத்தார். "குறை நினைக்காதேங்கோ. என்னோடை இருந்த பிள்ளையளுக்கு, உங்கடை முகம் ஒண்டும் இதிலை இல்லை எண்டு நான் சொல்லவேணும்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அழித்த படங்கள் கிடக்கும் குப்பைக்கூடையையும் திறந்து பார்த்திருப்பேன்.

இப்போதும் எங்காவது வீதியோரம் ஆட்கள் கூடி உட்கார்ந்திருந்தால் என் கால்கள் நின்றுவிடுகின்றன. ஆனால் தொலைபேசியை எடுப்பதற்கு முன், அவர்கள் கேட்பதற்கும் முன், நான் யார், எந்த ஊர், யாருடைய மகள் என்று நானே சொல்லிவிடுகிறேன். அடி விழக்கூடிய இடத்தில் இருப்பவர்களுக்கு, அருகில் நின்று பார்ப்பவரை அறிந்துகொள்ளும் உரிமையாவது இருக்க வேண்டும் என்பது, ஒரு பெண் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிப் பார்த்த அன்றுதான் எனக்கு விளங்கியது.