மருந்து மிஷின் என்னைச் சுமந்த கதை

முதலில் நான் நம்பியது இதுதான்: வெள்ளிமலை போகும் ரோட்டில், மலை ஏறத் தொடங்கிக் கொஞ்ச தூரத்தில், ஒரு வளைவில் நிற்கும் முனீஸ்வரனுக்கு என் வண்டியைப் பிடிக்கவில்லை. ஐம்பதை எட்டிப் பார்க்கிற ஆள், தலையில் பாதி நரைத்தவன், இதை மனசார நம்பினேன். சாமி முகத்தை நேராகப் பார்த்து, "இன்னாத்துக்கு சாமி கோவம்?" என்று வாய்விட்டுக் கேட்டும் இருக்கிறேன். பின்னால் நின்ற என் மனைவி, சாப்பாட்டுப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "இன்னா சொல்றாரு?" என்றாள். நான் பயபக்தியோடு, "இன்னும் ஒண்ணும் சொல்லல" என்று பதில் சொன்னேன். அவள் கிண்டல் செய்தாள் என்று விளங்கவே எனக்கு அடுத்த வளைவு வரை ஆயிற்று.

வண்டி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சைக்கிள்தான். பாரம் ஏற்றுகிற பழைய பெரிய சைக்கிள். அதில் இருந்த எஞ்சின், வயலுக்கு மருந்தடிக்கிற மிஷினுடையது. கரும்புக்கும் நெல்லுக்கும் மருந்தடிக்கும் கூலி வேலையில் அந்த மிஷினை வருஷக்கணக்கில் முதுகில் கட்டிச் சுமந்தவன் நான். என் முதுகு இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டது. மிஷின் மட்டும் நன்றாகவே இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது: இத்தனை நாள் நான் அதைச் சுமந்தேன், இனிமேல் அது என்னைச் சுமக்கட்டும். கேட்க நன்றாக இருந்தது. கேட்க நன்றாக இருக்கிற யோசனைகளால்தான் என் குடும்பம் இந்த நிலையில் இருக்கிறது.

வேடிக்கைக்காகச் செய்யவில்லை. மலைமேல் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில், சத்துணவுக்கூடத்தில், மனைவிக்குச் சமையல் உதவியாளர் வேலை. சமைக்கிற அம்மா முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு படுத்துவிட்டதால், அந்த நாட்களில் அடுப்பு மூட்டுவதிலிருந்து முட்டை உரிப்பதுவரை இவள் ஒருத்திதான். அந்த நேரம் பார்த்து, காலையில் மேலே போகிற பஸ்ஸின் நேரத்தை மாற்றிவிட்டார்கள். புது நேரத்துக்குப் போனால் உலை கொதிக்கும்போது பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ஜீப் இருக்கிறது. ஆனால் ஜீப் நிரம்பினால்தான் கிளம்பும், நிரம்பிவிட்டால் நமக்கு இடம் இருக்காது. வீட்டில் இருந்த மொபெட்டை மகள் கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வேலைக்கு ஓட்டிப் போகிறாள். மிச்சம் இருந்தது நான், சைக்கிள், மருந்து மிஷின்.

முதல் வண்டி ஒரு அவமானம். எஞ்சினைக் கேரியரில் வைத்து, ஒரு ரப்பர் உருளையைப் பின் டயர்மேல் அழுத்திச் சுற்ற வைத்தேன். காய்ந்த ரோட்டில் ஓடியது. பனி பெய்த காலையில் உருளை மட்டும் சுற்றியது, சக்கரம் சும்மா இருந்தது. அதனால் லேத் பட்டறையில் இரும்புத் தகடு வெட்டி, எஞ்சினைச் சைக்கிளின் நடுவில், கால் மிதிக்கும் இடத்துக்கு மேலே இறக்கினேன். காயலான் கடையில் கிடந்த பழைய மொபெட்டிலிருந்து கிளட்ச். செயின் போட்டேன். மேட்டில் திணறியது. பின்னால் பெரிய பல்சக்கரம் மாட்டினேன். வேகம் கம்மியாயிற்று, இழுவை ஜாஸ்தியாயிற்று. உடனே சக்கரத்துக் கம்பிகள் ஒடிந்தன. சைக்கிள் சக்கரத்தையே கழற்றிவிட்டு அந்தப் பழைய மொபெட்டின் பின்சக்கரத்தை மாட்டினேன். அதில் ஒரு நன்மை, பிரேக்கும் கூடவே வந்தது. அதுவரை மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் கட்டையின் ரப்பர் கருகுகிற வாசனை மூக்கில் ஏறும். நான் இரண்டு காலையும் ரோட்டில் தேய்த்துக்கொண்டு, எல்லாச் சாமி பேரையும் சொல்லிக்கொண்டு இறங்குவேன். மனைவி பின்னால் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். "கண்ண மூடிக்கினியா?" என்று நான் கத்துவேன். "நீ தொறந்துனுதான இருக்கற, அதனால இன்னா ஆச்சி?" என்பாள்.

கடைசியாக நட்டுகள். எஞ்சின் அதிர அதிர ஒவ்வொன்றாகக் கழன்று எங்கோ விழும். எங்கள் ஊரிலிருந்து மலையடிவாரம் வரை ரோட்டோரத்தில் என் நட்டுகளை விதைத்திருக்கிறேன். தகட்டுக்கு அடியில் டயர் டியூப் துண்டு வைத்து, நட்டுக்கு மேல் நட்டு போட்டு இறுக்கிய பிறகு அதுவும் நின்றது.

அப்புறம் வண்டி ஓடியது. உண்மையிலேயே ஓடியது. இரண்டு பேரை வைத்துக்கொண்டு, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, வேகமாக நடக்கிறவனைவிடக் கொஞ்சம் வேகமாக மலை ஏறியது. மலை ஜீப் ஓட்டுகிறவர் எங்களைத் தாண்டும்போதெல்லாம் தலையை வெளியே நீட்டி, "இன்னா மாமா, காட்டுக்கே மருந்தடிச்சிக்கினு போறியா?" என்பார். எனக்கு அந்தக் கிண்டல்கூடப் பெருமையாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வண்டியைத் தேய்த்துக் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குழைத்துக் கைப்பிடியில், சீட்டில், எஞ்சினில், சக்கரத்தில் என்று பொட்டு வைத்தேன். பெட்ரோல் டேங்க், சைக்கிளின் மேல் பாரில், என் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. அதன் மூடி உருண்டையாக, நெற்றி மாதிரியே இருந்ததால், அதற்கு மட்டும் தாராளமாக அப்பி நடுவில் குங்குமமும் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

பூஜை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, முனீஸ்வரன் வளைவில் வண்டி நின்றது.

நான் எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றைச் சுண்டினேன், சுண்டினேன், தோள் கழன்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தேன். முக்கால் டேங்க் இருந்தது. திறக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம். மூடிவிட்டு மறுபடி கயிற்றைச் சுண்ட, எடுத்துக்கொண்டது. இன்னும் கொஞ்ச தூரம் மேலே போய் ஒரு சின்னப் பாலத்தருகில் மறுபடி நின்றது. மறுபடி திறந்தேன், 'உஸ்', மறுபடி ஓடியது. இறங்கும்போது ஒரு தொல்லையும் இல்லை.

மறுநாளும் அப்படியே. அதே வளைவு, அதே பாலம். ஏறும்போது நிற்கிறது, இறங்கும்போது நிற்பதில்லை. இதை வைத்து ஒரு மனுஷன் என்ன முடிவுக்கு வருவான்? நான் வந்தேன். மேலே போவது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த 'உஸ்' அவர் விடுகிற மூச்சு. மனைவியிடம் இதைச் சொன்னேன். "அவருக்கு மூச்சு உடறதுக்கு உன் டேங்குதான் கெடச்சுதா?" என்றாள். ஆனாலும் தேங்காய் உடைத்தோம். எலுமிச்சை நசுக்கினோம். அங்கேயே, சாமிக்கு வைத்த சந்தனத்தில் மிச்சத்தை எடுத்து டேங்க் மூடிமேல் இன்னொரு தடவை அப்பினேன். வெள்ளிக்கிழமை அப்பினேன், செவ்வாய்க்கிழமை அப்பினேன். நடுவில் பிளக்கை மாற்றினேன், கார்புரேட்டரைப் பிரித்துக் கோத்தேன், பெட்ரோல் டியூபை மாற்றினேன். நான் பயந்து பயந்து மாற்றியதில் அந்த வண்டியில் பழசு என்று மிஞ்சியது நான் மட்டும்தான்.

இரண்டு தடவை அவள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு தடவையும் பிள்ளைகள் காலித் தட்டோடு காத்திருந்தார்கள். தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. சத்தம் போடாமல்தான் சொன்னார்: "எனக்கும் புரியுதும்மா. ஆனா இன்னொரு நாள் பிள்ளைங்க பசியில உக்காந்தா நான் மேல எழுதித்தான் ஆவணும்." அன்று இறங்கும்போது மனைவி என்னைத் திட்டவில்லை. ஒரு கிண்டல்கூட இல்லை. திட்டாத பெண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்து மலையிறங்குவதைவிட, பிரேக் இல்லாமல் இறங்குவது தேவலை.

மறுநாள் காலை கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்பினோம். அடிவாரத்தில் மூடுபனி. இரண்டு பேருக்கும் தூக்கம் போதவில்லை. வளைவு வந்தது. எஞ்சின் இரண்டு தடவை இருமியது. நின்றது.

இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். மூடியைத் திறந்து சாமி பீடத்தில் வைத்தேன். கும்பிட்டேன். கயிற்றைச் சுண்டினேன். எடுக்கவில்லை. மறுபடி கும்பிடப் போனேன். மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"யோவ், கும்பிட்டது போதும். கயித்த இழு."

"சாமி உத்தரவு..."

"அவுரு வூட்டுக்குப் போயி ரொம்ப நேரமாச்சி. நீ இழு."

அப்போது ஜீப் வந்தது. உள்ளே ஆள், மேலே மூட்டை, பின்னால் தொங்குகிறவர்கள். ஓட்டுகிறவர் நிறுத்திப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குக் கூட எடமில்ல மாமா, மனசு சங்கடமாக்கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கிண்டல் செய்யாமல் போனதும் நல்ல சகுனமாகப் படவில்லை. நான் ஆத்திரத்தில் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினேன். எடுத்துக்கொண்டது. அவள் தாவி ஏறினாள், நான் ஆக்சிலேட்டரை முறுக்கினேன், போய்விட்டோம்.

பாலம் வந்தது. வழக்கமாக நிற்கிற இடம். நிற்கவில்லை. எனக்கு அதுவும் பயமாக இருந்தது. தினமும் நிற்கிற வண்டி ஏன் நிற்கவில்லை? என்ன கோளாறோ? பழக்கத்தில் கை தானாகவே முறுக்கைக் குறைத்துவிட்டது. முதுகில் ஓர் அடி விழுந்தது.

"ஓடற வண்டிய இன்னாத்துக்குய்யா நிறுத்தற!"

முறுக்கினேன். தொடையில் ஏதோ ஈரம். பயத்தில் எனக்கே ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். நாற்றம் பெட்ரோல் நாற்றம். குனிந்து பார்த்தால் டேங்குக்கு மூடி இல்லை. ஒவ்வொரு குழியிலும் பெட்ரோல் தளும்பி என் பேண்ட்டில் சிந்திக்கொண்டிருந்தது. கைக்குட்டையைச் சுருட்டித் திணித்தேன். எஞ்சின் எதையும் கண்டுகொள்ளாமல், ஒரே சத்தத்தில், மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. அன்று அது எங்குமே நிற்கவில்லை.

பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கியவள் திரும்பிப் பார்க்காமல் சமையல்கூடத்துக்கு ஓடினாள். பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். ஒரு விடியலுக்குள் இரண்டு பகல் வேலை செய்த அலுப்பு.

கொஞ்சம் ஆறிய பிறகு, தனியாக இறங்கிப் போய், பீடத்தில் இருந்த மூடியை எடுத்தேன். அதன்மேல் சந்தனம் வண்டலாகப் படிந்து காய்ந்திருந்தது. நகத்தால் பெயர்த்தேன், பட்டை பட்டையாக வந்தது. கடைசிப் பட்டைக்கு அடியில், நடுவில், ஊசி நுழைகிற அளவு ஓர் ஓட்டை. அதற்குள்ளும் சந்தனம். அந்த மூடியை எத்தனையோ வருஷம் திறந்து மூடியிருக்கிறேன். அந்த ஓட்டை எதற்கென்று ஒரு நாளும் யோசித்ததில்லை. காற்று உள்ளே போகத்தான். காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அடைத்துக்கொண்டால், கொஞ்ச தூரம் ஓடிவிட்டு எஞ்சின் காய்ந்து நிற்கும். திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும், மறுபடி கொஞ்ச தூரம் ஓடும். மலை இறங்கும்போது பெட்ரோலே அதிகம் குடிப்பதில்லை, அதனால் நிற்பதில்லை. முனீஸ்வரன் பாவம், அவர் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார்.

வேலிமுள் ஒன்றை ஒடித்து ஓட்டையைக் குத்திவிட்டு, மறுபடி மேலே போனேன். மனைவி சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கரண்டியை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். முகம் வேர்வையில் நனைந்திருந்தது. சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

"போ, போயி வெங்காயம் உரி" என்றாள்.

உரித்தேன். மணி அடிப்பதற்கு முன்பே சோறு இறங்கிவிட்டது. பிள்ளைகள் நேரத்துக்குச் சாப்பிட்டார்கள். தலைமையாசிரியை மேலே எதுவும் எழுதவில்லை.