தகர வண்டிக்காரரின் கயிறு

இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடமாகியும் ஒரு காட்சி மட்டும் எனக்குப் பழகவில்லை. காலையில் சின்னமனூர் ரோட்டில் காரை எடுத்தால், எதிரே ஒரு வைக்கோற்போர் நடந்து வரும். மாடு தெரியாது, சக்கரம் தெரியாது, ஓட்டுகிற ஆளும் தெரியாது. அத்தனை வைக்கோலுக்கும் சுற்றி ஒரே ஒரு கயிறு, அதுவும் பேருக்கு. நான் ஓரங்கட்டி நின்றால் உள்ளேயிருந்து ஒரு குரல், "போங்க, போங்க" என்று தாராளமாக உத்தரவு கொடுக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கும் உங்களுக்கு இது புளுகாகத் தோன்றலாம். நம்மூரில் புகையிலைச் சிப்பம் ஏற்றினால் பனைநார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, காலால் மிதித்து இறுக்கி, அப்போதும் மனம் ஆறாமல் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்ப்போம். என் தகப்பனார் மூன்று முறை சுற்றுவார். இங்கே ஏன் இப்படி என்று வீரபாண்டியில் ஒருவரிடம் கேட்டே விட்டேன். "விழுந்தா எடுத்து வச்சுக்கிருவோம்ல" என்றார். என்னத்தைச் சொல்ல!

நான் மேகமலைத் தேயிலைத் தோட்டமொன்றில் துரையின் கார் ஓட்டுகிறேன். அங்கே அட்டன் மலைத் தோட்டத்தில் அவரிடம் வேலை பார்த்தவன். அவர் இங்கே மாறி வந்தபோது என்னையும் அழைத்தார். நானும் மனைவி செல்லம்மாவும் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலேறி வந்து சேர்ந்தோம். வந்த வருடமே ஒரு வைக்கோல் வண்டி காரின் பக்கவாட்டுச் சாயத்தை உரசிக்கொண்டு போனது. அடுத்ததாக ஒரு பருத்தி மூட்டை எஞ்சின் மூடியின் மேல் விழுந்து அதை நசுக்கியது. இரண்டு முறையும் துரை நம்பியும் நம்பாமலும் கேட்டுக்கொண்டார். "மூன்றாவது முறை கப்பல்தான்" என்று சிரிக்காமல் சொன்னார். அப்போது செல்லம்மாவுக்கு ஆறாம் மாதம். அந்த நிலையில் வேலையும் வீடும் போனால் அவளை எப்படிக் கடல் கடத்துவது?

மூன்றாவது முறையும் வந்தது. துரையின் விருந்தாளி ஒருவரைத் தேனி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு மாட்டுவண்டி, எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்குக் கூரை போடத் தகரம் ஏற்றிப் போனது. வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கியதுதான் தாமதம், மேலிருந்த தகரங்கள் வழுக்கி வந்து காரின் முன்கண்ணாடியில் இறங்கின. நான் குனிந்ததால் தலை தப்பியது. கண்ணாடி பொடிப்பொடியாகி மடியில் கிடந்தது. ஒரு விளக்கும் போயிற்று.

இறங்கி நிற்பதற்குள் வயலில் களை எடுத்தவர்களும் ஏர் ஓட்டியவர்களும் ஓடி வந்துவிட்டார்கள். வந்தவர்கள் நேரே தகரங்களைத் தூக்கத் தொடங்கினார்கள். அதுதான் இவர்கள் வழக்கம். யாருடைய பாரம் சரிந்தாலும் முதலில் எல்லாருமாகச் சேர்ந்து ஏற்றிக் கட்டிவிட வேண்டும், நியாயம் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு. எனக்கோ பதற்றம். விழுந்தது விழுந்தபடி கிடந்தால்தானே துரை நம்புவார்?

"தொடாதேங்கோ! ஒண்டையும் தொடாதேங்கோ!" என்று கத்தினேன்.

"பதறாதீக. நாங்க பாத்துக்கிருதோம், நீங்க செத்த நெழல்ல உக்காருங்க" என்றார் ஒருவர்.

சிறிது நேரத்தில் வண்டி முன்னைவிட ஒழுங்காகக் கட்டப்பட்டு நின்றது. வண்டிக்காரர் பெரியகருப்பன், நாற்பது வயதிருக்கும். மிச்சமிருந்த பழைய பாரக்கயிறு ஒன்றைச் சுருட்டி, இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கண்ணாடியை உடைத்துவிட்டு எனக்கு ஒரு கந்தல் கயிறா! வாங்கி வாய்க்கால் மேட்டில் விட்டெறிந்தேன்.

"ஏன்யா, கயித்த எறிஞ்சுப்புட்டீகளே" என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் என் முகத்தைப் பார்க்காமல் வயலுக்கு இறங்கினார்கள்.

துரையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டார். கணக்கப்பிள்ளை எனக்குப் பின்னால் பஸ்ஸில் வந்தவர். "தகர வண்டியைப் பார்த்தேன், கட்டு நன்றாகத்தான் இருந்தது" என்றார் பாவி. அவரும் பொய் சொல்லவில்லை, மறுபடி கட்டிய கட்டைத்தான் பார்த்திருக்கிறார். மரத்தில் மோதிவிட்டு வண்டிக்காரன் மேல் பழி போடுகிறேன் என்று துரை முடிவு செய்துவிட்டார். சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்.

செல்லம்மா அழவில்லை. பக்கத்து லயத்துச் சீனியம்மாவிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். சீனியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாளாம். "ஆத்தாடி, கயித்த எறிஞ்சாகளா? தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டுத்தான் கயித்தக் குடுப்பாக. சேதத்தச் சரிபண்ணிக் கயித்தத் திருப்பி வாங்குற வரைக்கும் அவுக வண்டியில பாரம் ஏறாது. அத எறிஞ்சா, சாகுற மட்டும் பகைன்னுல்ல அர்த்தம்!"

"நீங்கள் ஏனப்பா எறிஞ்சனீங்கள்?" என்று கேட்டாள் செல்லம்மா. நான் தேடித் திரிந்த சாட்சி என் கைக்கே வந்திருக்கிறது. நானே வாய்க்கால் மேட்டில் எறிந்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் கீழே இறங்கி அவரைத் தேடுவதென்று புறப்பட்டேன். துரையின் பங்களா வாசலில் பெரியகருப்பனே நின்றார். மலைப்பாதை முழுவதும் நடந்தே ஏறியிருக்கிறார். தோளில் அதே கயிறு. "கயித்த இறுக்காதது ஏந்தப்பு. ஏத்துக்கோங்க சாமி. மாடு சும்மா நிக்குது" என்றார். அதற்குள் துரை வெளியே வந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் 'வா', 'போ', 'சீக்கிரம்' மட்டும்.

"என்ன சொல்கிறான்?" என்று கேட்டார்.

கயிறு சரியாக இறுக்காதது தன் தப்பு என்று பெரியகருப்பன் சொன்னதையும், நான் கயிற்றை எறிந்த மடத்தனத்தையும் இங்கிலீஷில் சொன்னேன். துரை முகம் சிவந்தது. "இவன் வண்டி இனி என் தோட்டத்துக்கு வரக் கூடாது என்று சொல்" என்றார். என் வேலை தப்பியது, அவர் பிழைப்பு போகிறது. எப்படிச் சொல்வேன்? நான் மன்னித்துவிட்டேன், இவர்கள் வழக்கப்படி விவகாரம் முடிந்தது என்றேன். "கண்ணாடி என்னுடையது. மன்னிக்க நீ யார்?" என்றார்.

"தொர என்ன சொல்லுறாக?" என்று பெரியகருப்பன் கேட்டார்.

"கயித்தை அவரிட்டக் குடுங்கோ" என்றேன். அது மொழிபெயர்ப்பில் சேராது என்பது எனக்கே தெரியும்.

அவர் இரண்டு கைகளாலும் நீட்டினார். வாங்கினால் என்ன பொருள் என்று தெரியாமல் துரை வாங்கிவிட்டார். சேதம் சரியாகிக் கயிறு திரும்பும்வரை இவர் வண்டியில் பாரம் ஏறாது என்பதை வாங்கியபின்தான் விளக்கினேன். கயிற்றைப் பார்த்தார், அந்த மனிதரின் புழுதிக் கால்களைப் பார்த்தார், உள்ளே கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.

கண்ணாடி மதுரையிலிருந்து ரயிலில் வந்து தேனியில் இறங்கிய அன்று, அதைத் தானே கொண்டுவருவதாகப் பெரியகருப்பன் சொல்லியனுப்பினார். கயிறு திரும்பும்வரை வண்டியில் பாரம் ஏறாது என்பதை மறந்து, வண்டியில் வரும் என்று நினைத்தோம். வைக்கோல் சுற்றித் தலையில் சுமந்து, மலையேறி நடந்தே வந்தார்.

"ஏன் வண்டியில வைக்கேல்லை?" என்று கேட்டேன்.

"வண்டியில வச்சா விழுந்துரும்ல" என்றார்.

மொழிபெயர்த்தேன். துரை அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஆணியிலிருந்த கயிற்றைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

மகன் இங்கேயே பிறந்தான். தேனியில் மறுபடி தகரம் ஏற்றிய அன்று பெரியகருப்பன் வழக்கம்போல ஒரே சுற்றோடு நிறுத்தினார். நான் காரைவிட்டு இறங்கிப்போய், அதே கயிற்றை அவிழ்த்து, என் தகப்பனார் கட்டுகிறபடி குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, மிதித்து இறுக்கி முடிச்சுப் போட்டேன். "இத அவுக்க யாழ்ப்பாணத்துலேருந்துல ஆள் வரணும்" என்றார் சிரித்துக்கொண்டே. "நான்தான் இருக்கிறனே" என்றேன். வண்டி முன்னால் போனது. அவருடைய கயிற்றில் எங்களூர் முடிச்சு ஆடிக்கொண்டே பாலம் ஏறியது. அவிழாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எந்தப் பாரமும் விழும் என்று இந்த ஊரில் பழகிவிட்ட என் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.