பாய் கழற்றிய வள்ளம்

எங்கள் வள்ளத்தைக் கண்டால் குறிகட்டுவான் துறையில் மூக்கைப் பொத்துவார்கள். நானும் என் அக்காவின் புருஷனான அத்தானும் கடலில் சாதாழை என்கிற கடற்புல்லை அள்ளித் தோட்டங்களுக்கு எருவாகக் கொடுத்து வந்தோம். அந்த நாற்றம் பலகையில் ஊறிப்போயிருந்தது. அதற்காக எங்களையும் “சாதாழை” என்றே கூப்பிட வேண்டுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நயினாதீவுத் திருவிழாவுக்குச் சனம் ஏற்றும் அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. கொடியேற்றத்துக்கு முன், நயினாதீவுக் கரையைத் தொட்டுத் திரும்பும் வள்ள ஓட்டம் வைப்பார்கள். முந்திய வள்ளம் திருவிழா முடியும்வரை வள்ளம் கட்டும் முதல் கட்டையில் நிற்கலாம். வருகிற சனம் அதில்தான் முதலில் ஏறும். வருஷா வருஷம் அந்த இடம் பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டியின் பெரிய பாய் வள்ளத்துக்கே போகும்.

ஒரு வருஷம் மழை பொய்த்துத் தோட்டங்கள் காய்ந்தன. சாதாழை வாங்க ஆளில்லை. வள்ளத்தை விற்றுவிட்டுத் தெற்கே சுருட்டுக் கடையில் வேலைக்கு நிற்கப் போவதாக அத்தான் சொன்னார். அக்கா அப்போது பிள்ளைத்தாச்சி.

“ஒருக்கா வள்ள ஓட்டத்திலை ஓடிப் பாத்திட்டுப் போங்கோ,” என்றாள்.

“பாயிலை அவங்களை வெல்ல ஏலாது.”

“அப்ப பாயைக் கழட்டுங்கோ!”

அவள் கோபத்தில் சொன்னாள். அத்தானோ சாப்பிட்ட கை காயும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தார். போகும்போது காற்று பின்னால் நிற்கும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும். பாய் வள்ளம் வளைந்து வளைந்துதான் வர வேண்டும். அங்கே பெரும்பகுதி இடுப்பளவு பரவைக் கடல். இறங்கித் தள்ளினால் நேரே வரலாம்.

பாயையும் மரத்தையும் கழற்றினோம். வள்ளம் நிறைய ஈரச் சாதாழை ஏற்றித் தள்ளிப் பழகினோம். சிப்பி கிழித்துக் கால் இரத்தமாகும். மறுநாள் துணி சுற்றிக்கொண்டு மறுபடி இறங்குவோம்.

ஓட்டத்தன்று துறையே சிரித்தது. “பாய் எங்கை, வித்துத் திண்டிட்டியளோ?” என்றார்கள் சம்மாட்டியின் ஆட்கள். நாங்கள் கம்பு ஊன்றி நயினாதீவுக் கரையை எட்டுமுன்பே அவர்கள் திரும்பிவிட்டார்கள். எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

கரையைத் தொட்டுத் திரும்பியதும், “மச்சான், குதி!” என்றார் அத்தான்.

தள்ளினோம். ஆழம் வந்த இடத்தில் ஏறிக் கம்பு ஊன்றினோம், மறுபடி குதித்தோம். எங்கள் வள்ளம் தரை தட்டிவிட்டதென்று நினைத்து அவர்கள் கைதட்டினார்கள். தட்டிக்கொண்டிருக்கும்போதே, வளைந்து வந்த அவர்களுக்கு முன்னால் நேரே போனோம். அந்த முகங்களை நினைத்து இன்றைக்கும் சிரிக்கிறேன், கொஞ்சமும் வெட்கமில்லை.

கரையில் சம்மாட்டி துள்ளிக் குதித்தார். “உது ஓட்டமே? தள்ளிக்கொண்டெல்லோ வந்தவங்கள்!”

துறைக்குப் பொறுப்பானவர் தலையைச் சொறிந்தார். “முந்தி வந்தது அவங்கட வள்ளம்தானே. பாய் வேணுமெண்டு ஆர் சொன்னது?” என்றார்.

முதல் கட்டையில் கயிறு கட்டப் போன அத்தானுக்குக் எப்படிச் சுற்றியும் முடிச்சு விழவில்லை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, கயிற்றைப் பறித்து, இழுத்துக் கட்டினாள். பிறகு துறை முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

“இனி ஆர் வந்து அவிழ்க்கிறாங்கள் எண்டு பாப்பம்!”