இலத்திரன் விஷயத்தில் ஒரு திருத்தம்

போன ஞாயிறு காலை வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. முரசுமோட்டையில் இருந்து துஷாந்தி. மனைவியின் அக்கா மகள், பௌதிகவியலில் ஆராய்ச்சி செய்கிறாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“சித்தப்பா, நான் பிழை விட்டிட்டன். நீங்கள் பத்தியிலை திருத்தம் போடுங்கோ.”

உங்களுக்கு நினைவிருக்கும். சென்ற மாதம் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் பெருமையடித்திருந்தேன் — ஒரு புதுப் பொருளைக் குளிராக்கினால் அதன் இலத்திரன்கள் (எலக்ட்ரான்கள்தான்) தடையில்லாமல் திரிந்து, மின்சாரம் தாராளமாக ஓடும் என்று எங்கள் பிள்ளை கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டாள் என்று. பரந்தன் சந்தியில் ஒருவர் என்னை மறித்து, “அப்ப இனிக் கரண்ட் போகாதோ?” என்று கேட்டார். நானும் வெட்கமில்லாமல் “பாப்பம்” என்றேன்.

இப்போது திருத்தமா? என் மானம் என்னாவது?

“ஆருக்குத் தெரியப்போகுது, பிள்ளை? இந்தப் பத்தி வாசிக்கிறவையிலை இலத்திரன் ஒண்டும் இல்லை.”

அவள் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டு விளக்கினாள். சாதாரணமாக, இலத்திரன்கள் தனித்தனியே தம் பாட்டில் திரிவதாக வைத்துக் கணக்குப் போடலாமாம். இந்தப் பொருளில் அது சரிவராது. ஒன்று அசைந்தால் மற்றதெல்லாம் அதைப் பார்த்து அசையும். அத்தனை கோடியையும் ஒன்றாகக் கணக்கிட எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது...

“அதாலை ஒரு அணுவை மட்டும் எடுத்து வடிவாக் கணக்குப் பாப்பம். சுத்தியிருக்கிறதெல்லாத்தையும் சராசரியா ஒரு கூட்டமா எடுப்பம்.”

“ஒருத்தனைக் கேட்டிட்டு ‘சனமெல்லாம் சொல்லுது’ எண்டு எழுதுற மாதிரி? அதுதானே என்ரை தொழில்!”

“ஓம் சித்தப்பா. ஆனா நாங்கள் அந்த ஒண்டும் கூட்டமும் ஒத்துப்போகுமட்டும் திருப்பித் திருப்பிச் சரிபாக்கிறனாங்கள்.”

சுருக்கென்றது.

பிழை இதுதான். ஒரே அணுவில் இரண்டு இலத்திரன் சேர்ந்தால் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைப் பாதியாகப் போட்டுவிட்டாள். முழுதாகப் போட்டால்? பக்கத்து அணுவுக்குப் போக ஒன்றும் துணிவதில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே குந்திவிடுகிறது. மின்சாரம் ஓடாது. ரப்பர் மாதிரிச் சுத்தக் காவலி!

கட்டுரையைத் திருப்பி எடுக்கச் சொல்லிப் பேராசிரியருக்கு முந்தின நாளே எழுதிவிட்டாளாம். அதை ஒரு மாநாட்டில் வாசிக்கத்தான் வெளிநாடு போக இருந்தாள். முதல் விமானப் பயணம். பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று.

“பேசாமல் இருந்திருந்தா போயிருக்கலாமே?”

“போய் நிண்டு பொய்யையோ வாசிக்கிறது?”

குசினியில் இருந்து மனைவி வந்தாள். ஆராய்ச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “காலமை சாப்பிட்டனியோ?” என்றாள். அப்போதுதான் பிள்ளை அழுதாள். அழுது முடித்து ஆறு தோசை சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை பேராசிரியரின் பதில் வந்தது. பயணம் இல்லை. ஆனால், அந்தப் பொருளை ஆய்வுகூடத்தில் அளந்தவர்களுக்கும் மின்சாரம் ஓடவில்லையாம். ஏனென்று தெரியாமல் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்களாம். அவளுடைய புதுக் கணக்குத்தான் அதற்கு விடையாம்; அதை வைத்து முதலில் இருந்து எழுதச் சொல்லியிருக்கிறார். போனில் அவள் சந்தோஷத்தில் போட்ட சத்தத்தில் என் காது இன்னும் இரைகிறது.

ஆகவே வாசகர்களே... அந்தப் பொருளில் மின்சாரம் ஓடாது. இத்தனை வருடத்தில் இந்தப் பத்தியில் வரும் முதல் திருத்தம் இது.

அதற்காக, இதுவரை பிழையே வந்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள்!